திட்டுவதற்கு ஓர் ஆள்

மார்ச் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படி இறங்கும்போது முனகுகிறது. நீ நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உன் கடிதத்தை இரண்டு தரம் படித்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோளாறு கழுத்துக்கு மேலேதான்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சரியா என்று பார். நீ லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டை இழுக்கிற மோட்டார் கட்டடத்தின் உச்சியில், மொட்டை மாடி அறையில் இருக்கிறது. அந்த அறைகளில் புறா அடைகிறது. உனக்குப் புறா என்றால் பயம். அதனால் இருபத்திரண்டு வருஷமாக மேல் வேலையை உன் கூட்டாளி மீசைக்காரர் பார்த்தார், நீ அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி கிரீஸ் பூசிக்கொண்டிருந்தாய். இந்த ஏற்பாடு உங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது மீசைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். புது மேனேஜர் ஓர் ஆளுக்கு ஒரு கட்டடம் என்று பிரித்துவிட்டார். இனிமேல் மேலேயும் நீ, கீழேயும் நீ. இதுதானே?

தலைக்கு மேலே ஒரு டன் இரும்புப் பெட்டி தொங்கும், அதற்கு அடியில் படுத்துக்கொண்டு விசில் அடிக்கிறவன் நீ. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பறவை படபடவென்று அடித்தால் உயிர் போகிறதாம். ஐம்பத்தோரு வயசு. தலை நரைத்துவிட்டது. வெட்கமாக இல்லையா?

உலகத்தில் நீ ஒருத்தன்தான் இப்படி என்று நினைக்காதே, அந்தப் பெருமையும் உனக்கு வேண்டாம். என்னிடம் துணி திருத்திக்கொள்ள வருகிறவர்களில் ஓர் எழுத்தர் இருக்கிறார். அவருக்குப் பொத்தான் என்றால் பயம். புதுச் சட்டையைக் காகிதத்தில் சுற்றி, விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வருவார். நான் பொத்தானையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு கொக்கி வைத்துத் தர வேண்டும். பட்டம் வாங்கிய மனுஷன். "பட்டன் என்ன சார் பண்ணும் உங்கள?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணாதும்மா, அதுதான் கஷ்டம்" என்கிறார். இவரும் ஆபீசில் உட்கார்ந்து ஊர் மக்களுக்கு உத்தரவு போடுகிறார்.

போன் செய்யட்டுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். வேண்டாம். போனில் பேசுகிறவர்கள் வாயில் வந்ததைப் பேசுகிறார்கள். கடிதம் என்றால் ஒரு வரி யோசித்து எழுதுவாய். எழுது.

உன் மனைவியையும் மகளையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? கொடுக்க மாட்டாய். கொடுத்ததாக எழுதுவாய்.

நீ எழுதியது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. புறா என்னைக் கொத்தும் என்று நான் பயப்படவில்லை. அது ஒன்றும் செய்யாது என்று எனக்கும் தெரியும். இறக்கை முகத்துக்குப் பக்கத்தில் அடிக்கிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அது கேட்டதும் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

எனக்குக் கொடுத்திருப்பது பதினான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் பதினான்காவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் பதினெட்டு இரும்புப் படி. படி முடிகிற இடத்தில் மெஷின் ரூம் கதவு. ஜன்னல் வலை கிழிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. உள்ளே முப்பது புறாவாவது இருக்கும். வலையை மாற்றச் சொல்லி எழுதிப் போட்டேன். "உள்ள போயி எத்தனை கிழிசல்னு பார்த்து அளவு குடுங்க" என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை ஏறிப் பார்த்தேன். பதினோராவது படியில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் கீழிருந்து, "என்ன சார், மூச்சு வாங்குதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஏப்ரல் முடிவதற்குள் மேலே மோட்டாரும் பிரேக்கும் நான் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமலே போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பிரேக்கை நம்பித்தான் பதினான்கு மாடி ஜனம் தினமும் ஏறி இறங்குகிறது. அதை மட்டும் செய்ய மாட்டேன். கையெழுத்து இல்லையென்றால் வேலையும் இல்லை. வீட்டில் இதைச் சொல்லவில்லை. மகளுக்குப் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

தம்பி

*

மார்ச் 21

தம்பிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன்.

பொண்டாட்டிக்குத் தெரியாமல் பயப்படுகிறாயா? அதற்குத் தனியாக ஒரு சாமர்த்தியம் வேண்டும். காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீராதி வீரன் மாதிரி கிளம்பி, பதினோராவது படியில் போய் உட்கார்ந்துகொள்கிறவனை அவள் கம்பெனியே தாங்கி நிற்கிற தூண் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், பாவம். சொல்லித் தொலை.

கால் பேச்சைக் கேட்கவில்லையாம். காலுக்குத் தனியாக மூளை வைத்திருக்கிறாயா? உன்னைப் போலப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. போன வாரம் ஒரு டீச்சர் வந்தாள். வெல்வெட் துணியைத் தொட்டால் பல் கூசுமாம். தன் தங்கையின் வெல்வெட் ஜாக்கெட்டை இடுக்கியில் தூக்கிக்கொண்டு வந்தாள். நிஜமான இடுக்கி, அடுப்படியில் இருப்பது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை மிரட்டுகிறவள்.

நம் எழுத்தர் மறுபடி வந்தார். இந்தத் தடவை நான் ஒரு காரியம் செய்தேன். பொத்தான் டப்பாவை மேசை மேல் திறந்து வைத்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றேன். மனுஷன் முகம் வெளுத்து, சட்டையை வாங்காமலே படி இறங்கி ஓடினார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாடிக்கை போனால் போகட்டும். இப்படிப்பட்டவர்களுக்கு ஒருத்தராவது முகத்துக்கு நேரே காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊரே சேர்ந்து தாலாட்டிக்கொண்டிருக்கும்.

உனக்கும் அதேதான் சொல்கிறேன். ஏறு. எருமை மாதிரி உட்காராதே. பதினோரு படி ஏறத் தெரிந்தவனுக்கு இன்னும் ஏழு படி ஏறத் தெரியாதா?

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அந்த எழுத்தரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது போகட்டும்.

ஒரு சங்கதி நடந்தது, உனக்குச் சொல்ல வேண்டும். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. பதினோராவது படியில் உட்கார்ந்தபோது எடுத்துப் படித்தேன். 'எருமை மாதிரி உட்காராதே' என்ற இடம் வந்ததும் உன் குரல் அப்படியே காதில் கேட்டது. எழுந்து பதினாறாவது படி வரை போய்விட்டேன். அப்புறம் கடிதம் தீர்ந்துவிட்டது.

அந்த வான்கோழி ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் போகிற வழியில் கேட்டைத் திறந்து போட்டிருப்பார்களே, அந்த வீட்டு வான்கோழி. நீ அதை விரட்டியதே இல்லை. என்னைத்தான் விரட்டுவாய். "நட எருமை, நட, நிக்காத, அழுதா விட்டுட்டுப் போயிடுவேன்" என்று தெரு முடிகிற வரை திட்டிக்கொண்டே வருவாய். உன் குரல் கேட்கிற வரைக்கும் எனக்கு அதன் இறக்கைச் சத்தம் கேட்காது. அப்படித்தான் அஞ்சு வருஷம் பள்ளிக்கூடம் போனேன்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. மெஷின் ரூம் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு போன் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் ஆபீசுக்குப் பேசுவதற்காக வைத்தது. வாட்ச்மேனிடம் சொன்னால் கீழிருந்து வெளியூருக்கும் இணைப்புக் கொடுப்பார். ஏப்ரல் 17, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு உன் வீட்டுக்கு அடிக்கிறேன். நீ எடுத்து, நான் உள்ளே வேலை செய்கிற வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரம் போதும். உனக்கு அது ஒரு வேலையா? வாய் வலித்தால் தண்ணீர் குடித்துக்கொள்.

சரி என்று ஒரு வரி எழுதிப் போடு.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நலம், நலம்தானே?

உன் கடிதம் தாமதமாகக் கிடைத்தது. தபால்காரருக்கு இப்போதெல்லாம் கண் தெரிவதில்லை. அதோடு அந்தப் புதன்கிழமை எனக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவள் மத்தியானம்தான் திரும்பினேன். கடைவாய்ப் பல். அந்த டாக்டர் இருக்கிறானே, நாற்காலியில் சாய்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, பயப்படாதீங்கம்மா" என்று பத்துத் தரம் சொன்னான். "எனக்கு என்னடா பயம், உன் கைதான் நடுங்குது" என்றேன்.

இங்கே வெயில் அதிகம். மெஷினுக்குப் புது பெல்ட் மாற்றினேன். ஒரு திரைச்சீலை வேலை வந்திருக்கிறது, பதினாறு ஜன்னல், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. அந்த வீட்டைக் கட்டியவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரியின் அழிச்சாட்டியம் தாங்க முடியவில்லை. அடுத்தவர் வீட்டில் ஊசி விழுந்தாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் பாட்டுக்கு ஒரு கோட்டுக்குக் கை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன், கதவை இடிக்கிறாள். "ஏங்க, உங்க வீட்டுல விடாம ஏதோ சத்தம் கேக்குதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்கிறாள். "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு வேலைதான் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இப்படி நாலு பேர் இருந்தால் ஒரு தெருவில் மனுஷர் குடியிருக்க முடியுமா?

எழுத்தர் தன் சட்டைக்கு இன்னும் வரவில்லை. கொக்கி வைத்து முடித்து, தேய்த்து வைத்திருக்கிறேன்.

போன காரியம் என்ன ஆயிற்று?

அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்.

போன காரியம் இதுதான் ஆயிற்று. பத்து மணிக்கு வாட்ச்மேன் இணைப்புக் கொடுத்தார். நீ எடுத்துவிடுவாய் என்ற நம்பிக்கையில் கதவை முன்னாலேயே திறந்துவிட்டேன், அது என் தப்பு. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு எண்ணினேன். நாற்பத்து மூன்று தடவை அடித்தது. அதற்குள் அதுகளுக்கு நான் நிற்பது பழகிப்போய், ஒன்று பறந்து என் தலையை உரசிக்கொண்டு போனது. ரிசீவரைப் போட்டுவிட்டுப் பதினெட்டுப் படியையும் உட்கார்ந்தபடியே இறங்கினேன். பேண்ட் கிழிந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்தால் தைத்துக் கொடுத்திருப்பாய்.

வாட்ச்மேன் ஓடி வந்து, "என்ன சார், பாம்பா?" என்றார். நானும் "ஆமா, பாம்புதான்" என்றேன். பாம்பு என்றால் ஒரு மரியாதை இருக்கிறது அல்லவா? அது இன்னும் பெரிய தப்பு. பத்து நிமிஷத்தில் கம்பும் தடியுமாக ஆறு பேர் மேலே ஏறினார்கள். கட்டடம் முழுக்க ஜனம் வெளியே வந்து நின்றது. மேனேஜருக்குத் தகவல் போய் அவரே வந்துவிட்டார். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி, சட்டையிலிருந்து ஓர் இறகைத் தட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இதான் உங்க பாம்பா?"

மே 22ஆம் தேதி, புதன்கிழமை, அரசாங்கத்திலிருந்து சோதனை அதிகாரி வருகிறார். மேலே போய்ப் பிரேக்கைக் கழற்றிக் காட்டிப் பூட்ட வேண்டியது நான். அதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டியவள் பத்து மணிக்குக் கோட்டுக்குக் கை தைத்தது எப்படி? கீழ்வீட்டுக்காரிக்குக் கேட்ட சத்தம் நான்தான்.

கோபமாகக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், உன்னோடு நான் போனில் பேசி எத்தனையோ வருஷமாகிறது. அத்தான் போன சேதி ஆஸ்பத்திரியிலிருந்து போனில்தான் வந்தது என்று கேள்வி. அதிலிருந்தா இப்படி? அப்படியென்றால் சொல், புரிந்துகொள்வேன்.

தம்பி

*

மே 1

தம்பிக்கு,

நலம்.

லிஃப்டுக்கு எண்ணெய் விடுகிறவன் எண்ணெய் மட்டும் விட்டால் போதும், துப்பறிய வேண்டாம். உன் பயத்துக்கு என்னைத் துணைக்குச் சேர்க்காதே. அத்தானைப் பற்றி எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

இனி இதைப் பற்றி எழுதினால் பதில் போட மாட்டேன்.

அக்கா

*

மே 10

தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. சரி, போட மாட்டேன் என்று மிரட்டியது நான், செய்து காட்டியது நீ. உடம்பு சரியில்லாமல் போடவில்லையா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நலமாக இருந்தால் ஒரு வரி எழுது.

நீ எழுதியதை நேர் பண்ண வேண்டும், தலைகீழாக எழுதியிருக்கிறாய். அத்தான் செத்த சேதி போனில் வந்ததால் எனக்குப் போன் பயம் வந்தது என்கிறாய். இரக்கப்படுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஒரு காரணத்தைத் தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குக் காரணம் கிடையாது. அந்தப் போனை அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவிலிருந்து அவரை அவசரத்துக்குக் கூப்பிட வசதியாக வைத்தார்கள். வைத்த முதல் நாளே அது அடித்தபோது கையில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. அடிக்கிறவன் யார், என்ன கேட்கப் போகிறான், என்ன சொல்ல வேண்டும், எதுவும் தெரியாமல் அது பாட்டுக்கு வீட்டுக்குள் நின்று கத்துகிறது. அவர் இருந்தவரை அவர் எடுத்தார். உனக்கு ஒரு மீசைக்காரர் போல எனக்கு அவர்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள். நான் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். போன் அடித்தது. யாரென்று எனக்குத் தெரியும், வேறு யார் அடிப்பார்கள்? எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எவளுடையதோ ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை வேகமாக மிதித்தால் சத்தம் அமுங்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆள் நேரில் வந்து கதவைத் தட்டினான். நான் போனபோது முடிந்துவிட்டது. "அவ வரலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்று நர்ஸ் சொன்னாள். சேதி வந்ததால் பயந்தவள் இல்லை நான். பயந்ததால் சேதி வந்து சேரவில்லை. சரியாகப் புரிந்துகொள்.

ஆறு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கருவியைத் துணி அலமாரியில், மூன்று கம்பளிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுத்திருக்கலாம். துண்டித்தால் பயந்ததாக ஆகிவிடும் என்று வைத்திருக்கிறேன். உன்னைப் பார்த்து ஐம்பத்தோரு வயசு என்றேனே, எனக்கு ஐம்பத்தெட்டு. உன்னுடையதற்காவது இறக்கை இருக்கிறது, உயிர் இருக்கிறது. நான் பயப்படுவது ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு. தூ.

எழுத்தரின் சட்டையை நானே அவர் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டப்பாவை எடுத்துவிட்டேன், இனி வரலாம் என்றேன். அந்த ஆள் எனக்கு நன்றி சொல்கிறார். இவர்களைத் திருத்தவே முடியாது.

ஆகையால் 22ஆம் தேதிக்கு வேறு யாரையாவது ஏற்பாடு செய். உன் மேனேஜர் நன்றாகத் திட்டுவார் போலத் தெரிகிறது.

அக்கா

*

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரிகிறது, அதனால் இந்த முறை கேட்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அத்தான் விஷயத்தில் பரவாயில்லை என்று எழுத முடியாது, எழுதினால் நீ காறித் துப்புவாய். எனக்கு அழுகை வந்தது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனைவிக்குப் பதினெட்டு வருஷமாகவே தெரியுமாம். "பால்கனியில துணி காயப்போட நீங்க ஒரு நாளாவது போயிருக்கீங்களா?" என்றாள். மகள்தான் ஒரு யோசனை சொன்னாள். "அத்தைக்கும் யாராச்சும் திட்டறதுக்கு வேணும்பா" என்றாள்.

அதனால் வேறு யாரையும் ஏற்பாடு செய்யப் போவதில்லை. 22ஆம் தேதி பத்து மணிக்கு உன் வீட்டுக்குத்தான் அடிப்பேன். யார் அடிக்கிறான் என்று உனக்குத் தெரியும். என்ன கேட்பான் என்றும் தெரியும், ஒன்றும் கேட்க மாட்டான். நீ ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். தூக்கிக் காதில் வைத்தால் போதும், இந்தத் தடவை நான் உன்னைத் திட்டுகிறேன்.

திட்டிப் பழக்கமில்லை, நேற்றிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். மக்கு, சோம்பேறி, ஊமைக்கோட்டான் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மனைவி இன்னும் ஏழெட்டு சேர்த்துக் கொடுத்தாள், ஒன்றைக்கூட யோசிக்காமல் எழுதினாள்.

நீ எடுக்காவிட்டாலும் நான் ஏறுவேன். மணியை அடிக்க விட்டுவிட்டு உள்ளே போவேன்.

தம்பி

*

மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நடந்தது உனக்குப் பாதி தெரியும். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

பதினேழு தடவை அடித்து நின்றது. முதலில் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு மூச்சு கேட்டது. சோதனை அதிகாரி என் பின்னால், கடைசிப் படியில் நிற்கிறார். அவரை வைத்துக்கொண்டு நான் தாளை எடுத்து, "மக்கு... சோம்பேறி..." என்று வாசித்தேன். மளிகைச் சாமான் பட்டியல் படிக்கிற மாதிரிதான் இருந்தது. அதிகாரி, "யாருங்க லைன்ல?" என்றார். "எங்க அக்கா" என்றேன். அவர் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ரிசீவரை வயர் எட்டுகிற வரை இழுத்து மோட்டார் மூடி மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். திட்டத் தெரியவில்லை, அதனால் செய்வதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தேன். நீ கேட்டிருப்பாய். "இப்போ பிரேக் மூடியக் கழட்டறேன். இப்போ பிரேக் கட்டையைத் தொடறேன். தலைக்கு மேல நாலு உக்காந்திருக்கு." சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு கூடு, இரண்டு முட்டை. அதை ஒட்டிக் கையை விட வேண்டியிருந்தது. விட்டேன். தாய்ப்புறா முகத்துக்கு நேரே கிளம்பியது. ஸ்பேனர் கீழே விழுந்தது. கால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டது. கதவு எந்தப் பக்கம் என்று தேடினேன்.

அப்போது மூடி மேலிருந்து உன் குரல் கேட்டது. "எருமை. வேலையைப் பாரு."

அவ்வளவுதான் சொன்னாய். நான் குனிந்து ஸ்பேனரை எடுத்தேன். மீதி இருபது நிமிஷத்தில் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். வலைக்கு அளவும் எடுத்துவிட்டேன், பதினோரு கிழிசல். குஞ்சு பொரித்துப் பறந்த பிறகு அடைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை நடந்தே இறங்கினேன்.

ரிசீவரைத் திரும்ப எடுத்தபோது நீ வைத்துவிட்டிருந்தாய். எப்படி இருக்கிறாய்?

தம்பி

*

மே 29

தம்பிக்கு,

நலம்.

திட்டுவது என்றால் என்னவென்று உன் மனைவியிடம் முறையாகக் கற்றுக்கொள். ஊமைக்கோட்டானாம். பதினேழு தடவை அடித்ததில் முதல் ஆறும் கம்பளி எடுப்பதில் போயிற்று. மீதிப் பதினொன்றும் அதைப் பார்த்தபடி நின்றேன். கீழ்வீட்டுக்காரி வழக்கம்போல வந்து வாசலில் நின்றாள். "எடுங்க, எடுங்க, நான் இருக்கேன்" என்கிறாள். அவள் முகத்தில் தெரிந்த இரக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் எடுத்தேன். அப்புறம் அவளைப் போகச் சொல்லவில்லை. அரை மணி நேரமும் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வேறு வேலை இல்லாதவள்.

புறாச் சத்தம் எனக்கும் கேட்டது. அருவருப்பான சத்தம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் நான் பேசியது மூன்றே வார்த்தை. அதுகூட வேண்டியிருக்கவில்லை, நீதான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டாய். அன்றைக்கும் இவ்வளவுதான் இருந்திருக்கும், தம்பி. தூக்கிக் காதில் வைத்திருந்தால் போதும். நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் ஒன்றும் பேசக்கூட வேண்டியிருந்திருக்காது.

இதற்கு ஆறுதல் எழுதாதே. எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அலமாரியிலிருந்து அதை வெளியே எடுத்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு கம்பளி மட்டும் மேலே கிடக்கிறது. வருகிற புதன்கிழமை பத்து மணிக்கு அடி. எடுப்பேனா என்று தெரியாது. எடுக்கிற வரைக்கும் வைக்காதே.

உன் கிழிந்த பேண்டைப் பார்சலில் அனுப்பு.

அக்கா